மருந்து என்று சொல்லிவிட்டேன்

குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்லி வாயை மூட மாட்டான், பாடம் நடத்துவான். எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில்தான் திண்டிவனத்துக்குப் பெண் பார்க்கப் போனோம்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலி மூளைக்கு வரைபடம் போடுவது என் வேலை. மூளையின் நடுவே இருக்கும் தலாமஸிலிருந்து நெற்றிப் பக்கத்து மூளைக்கு எந்த நரம்பு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒலக்கூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் அப்பா இதை "மூளை டாக்டர்" என்று சுருக்கிவிட்டார். (நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.)

பெண்ணின் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிறவர். பெண்ணை போட்டோவில் பார்த்த அன்றே நான் மனசுக்குள் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

"தம்பி இன்னா மாதிரி டாக்டரு?" என்றார் அவர்.

தொண்டையைச் செருமினேன். "தலாமஸ்னா நம்ம விழுப்புரம் ஜங்ஷன் மாதிரிங்க. நெத்திப் பக்கம் சென்னைனு வெச்சுக்கோங்க. எந்த லைன் எங்க போவுதுன்னு பாக்க, எலி மூளையில ஊசியால மருந்து வெப்பேன்."

சாயம் என்று சொல்லியிருக்க வேண்டும். மல்லாட்டைக்காரரிடம் எலியையும் மருந்தையும் ஒரே மூச்சில் சொன்னால்? மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினார்.

"எங்க கொல்லையில எலி பெரிய பேஜாரு தம்பி. உங்க மருந்து வெச்சா எத்தினி நாள்ல சாவும்?"

"மருந்தால சாவாதுங்க. பதினாலு நாள் நல்லா தின்னுக்கினு, ஓடிக்கினு இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நானே கொன்னுடுவேங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். பாதியில் நிறுத்துகிற வாத்தியாரா நான்? "மூளையை முழுசா வெளிய எடுத்து, மெல்லிசா சீவி..." என்று கையிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியைப் பிய்த்து உள்ளே இருந்த துண்டைக் காட்டினேன். "இத விட மெல்லிசா!"

(எதைச் சொல்லக் கூடாது என்று அடக்கி வைப்பதும் அந்த நெற்றிப் பக்கத்து மூளைதான். என் எலிகளுக்கு அது ஒழுங்காக வேலை செய்தது.)

அதுவரை தலை குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "பதினாலு நாளும் நீங்கதான் தீனி போடுவீங்களா?"

ஆஹா, ஆர்வம்! "தெனமும் என் கையாலதாங்க. ஒவ்வொண்ணுக்கும் பேரு கூட வெச்சிருக்கேன்."

இரண்டு நாள் கழித்துத் தரகர் அப்பாவுக்கு போன் செய்தார்.

"பையன் தங்கமான பையனாம். ஆனா பொண்ணு, 'பேரு வெச்சி, சோறு போட்டு, அப்புறமா கொல்றவரு எனக்கு வேணாம்'னு சொல்லிடுச்சுங்க."

மனசுக்குள் அடித்த பத்திரிகையை மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன். வீட்டில்தான் யாரும் எதையும் மறக்கவில்லை. இன்றைக்கும் நான் பாசமாக ஒரு தோசையை எடுத்து வைத்தால், தங்கை தட்டைக் கையால் மூடிக்கொண்டு கேட்கிறாள்:

"அண்ணா, எனக்கு இன்னிக்கி எத்தினாவது நாளு?"