காஞ்சோண்டி ஐயா

வீட்டு வாசலில் ரோசா வளர்ப்பார்கள், குரோட்டன் வளர்ப்பார்கள். பட்டாலே அரித்துத் தடிக்கிற காஞ்சோண்டிச் செடியைப் பூச்சட்டியில் வளர்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். முந்தல் ஊரில் பார்மசி வைத்திருந்தார். யுத்தத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, யுத்தம் முடிந்தும் போகாமல் தங்கிவிட்டவர். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. காஞ்சோண்டி ஐயா என்றால் பஸ் கண்டக்டரே கடை வாசலில் இறக்கிவிடுவார்.

அவர் கடையில் ஒரே சட்டம். தோலில் கரப்பான் வந்து அரிக்கிற பிள்ளையைப் பார்த்து "சொறியாதே" என்று அதட்டுகிற பெரியவரின் மணிக்கட்டில் அந்த இலையைத் தேய்த்துவிடுவார். ஐந்து நிமிடம் சொறியாமல் நின்றால்தான் மருந்து. ஒருமுறை பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இரண்டாம் நிமிடத்திலேயே கதவு நிலையில் கையைத் தேய்த்தார்.

நான் கடற்கரை ஊரான உடப்புக்காரன். எங்களுக்குத் தோலில் எது வந்தாலும் கடல்தான் மருந்து. என் மகள் சுபாவுக்கு நாலு வயது. முழங்கை மடிப்பெல்லாம் கரப்பான். பத்து நாள் கடலில் முக்கி எடுத்தேன். பிள்ளை கதறினாள், புண் சிவந்தது. அதைவிட, பாலர் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிவிடும் என்று அவளைத் தனிப்பாயில் இருத்தினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐயாவின் கடைக்குள் நுழைந்ததும் சுபா சொறிந்தாள். "சொறியாதடி!" என்றேன். இலை வந்துவிட்டது.

ஒரு நிமிடம் நின்றிருப்பேன். பற்களை நறநறவென்று கடித்தேன். சுபா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, சொறியாதீங்க."

ஐயா சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு அவள் கையைத் தடவி, தன் விரலை நாக்கில் வைத்தார்.

"கடலிலை குளிப்பாட்டினீரோ?"

"ஓம் ஐயா."

"உப்புப் போட்டா மீன் கருவாடாகும். பிள்ளைக்கு என்னப்பா ஆகும்?"

நகத்தை ஒட்ட வெட்டு, கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டு, ஈரம் காயுமுன் டொக்டரிடம் காட்டி அவர் எழுதித் தரும் களிம்பைப் பூசு, கைக்கு ஏதாவது வேலை கொடு என்றார். தனிப்பாய் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு உடப்புப் பாலர் பாடசாலைக்கு வந்தார். தாய்மார் எல்லோரும் பார்க்க, சுபாவின் பாயில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, தன் கையை அவள் கையில் உரசினார். "இது ஒட்டாது. ஒரு கிழமையிலை வந்து கையைக் காட்டுறன்" என்றார்.

சொன்னபடி ஏழாம் நாள் வந்தார். சட்டைக் கையை மடித்தார். முழங்கை வரைக்கும் செக்கச்செவேலென்று தடிப்பு! தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"ஐயோ, இது காஞ்சோண்டி! காலமை செடிக்குத் தண்ணி ஊத்தேக்கை பட்டது!"

யார் நம்புவார்கள்? ஐயா சொறிந்துகொண்டே கெஞ்சினார். எனக்கு அழுகையே வந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சுபா தன் பையைத் திறந்தாள். களிம்பை எடுத்தாள். அவர் கையைத் தன் மடியில் வைத்துப் பூசி, "ஊதினால் சுகமா இருக்கும்" என்று ஊதத் தொடங்கினாள். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுவரோரம் நின்ற ஒரு சின்னவள், தாயின் கையை உதறிவிட்டு வந்து அவளும் ஊதினாள். பின்னால் இன்னொருத்தி.

அன்றைக்குச் சுபாவின் தனிப்பாயில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஐயாவையும் சேர்த்தால் நாலு.