பெரிய முசியே பதில் சொன்ன மதியம்

பேய்க்குப் பயப்படுகிறவர்கள் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கக் கூடாது. நான் படித்துத் தொலைத்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், புதுச்சேரி டவுனில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். நெட்வொர்க்கின் ஏழு அடுக்குகளும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். (ஒயரை உருப்படியாகச் சொருகத் தெரியாது, அது வேறு விஷயம்.) அன்று சாயங்காலம் என் வேலை நிரந்தரமா என்று முதலாளி சொல்வதாக இருந்தது. அரியாங்குப்பத்தில் அம்மா கேசரிக்கு ரவையே வறுத்துவிட்டாள்.

மதியம், ஊரே கடை சாத்திவிட்டுத் தூங்கும் நேரம். தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. ஆபீசில் நானும் கணக்கு பார்க்கும் மேரி அக்காவும் மட்டும்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு, அதுதான் விலாசம். அதைக் கூப்பிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் "இருக்கேன்" என்று பதில் அனுப்பும். வேலை இல்லாத நேரம், எல்லா நம்பரையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று உடனே பதில் சொன்னது.

"அக்கா, இது யாரு மிஷின் நம்பரு?"

மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "மாடியில பெரிய முசியேவோடதுடி. அவரு செத்ததுலேர்ந்து ரூம் பூட்டியே கெடக்கு."

பெரிய முசியே, முதலாளியின் அப்பா. (பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'ஐயா'தான் எங்கள் ஊர் முசியே.)

மாடிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிட்டேன். பதில் வந்தது. கண் இமைப்பதற்குள், பக்கத்திலேயே நின்று சொல்வதுபோல. மேலே ஏதோ கதவு முனகியது.

மேரி அக்கா போன் போட, முதலாளி ஓடிவந்து பூட்டைத் திறந்தார். இருட்டில் வெள்ளைத் துணி போர்த்திய கம்ப்யூட்டர். ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு சத்தம் இல்லை. முதலாளி கைகூப்பி அழுதார்.

"அப்பா, இந்தக் கட்டடத்த விக்க மாட்டேம்பா. சத்தியமா!"

நான் கீழே ஓடினேன். என் மிஷினைத் துழாவினேன். காலையில் அதற்கு நானே போட்ட நம்பர் பெரிய முசியேவுடையது. இவ்வளவு நேரம் பதில் சொன்னது, நான் உட்கார்ந்திருந்த மிஷின்தான். அட கடவுளே! அவமானத்தில் செத்தே போயிருக்கலாம்.

"சார்... அது அப்பா இல்ல சார். நான்தான்."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பரிதாபமாகக் கேட்டார், "சத்தியம் பண்ணிட்டேனேம்மா?"

கட்டடத்தை விற்கப் போகிறேன், எல்லாரும் வேறு வேலை பாருங்கள் என்று அன்று சொல்ல இருந்தாராம். செய்த சத்தியத்தை மீற மனம் வரவில்லை. ஆபீஸ் பிழைத்தது, என் வேலையும் நிரந்தரமாயிற்று. அம்மா கேசரி கிண்டினாள்.

இன்றும் வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டு நான் "யாரது?" என்று அலறினால், என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"நீதான்டி."