கத்தரிப்பூ நிறக் கம்பளிச் சேட்டு

மலையேறுவதென்று கனிசியஸ் தீர்மானித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கணவாய்க் கறியோடு வயிறு முட்டச் சாப்பிட்டு, சாய்மனைக் கதிரையில் கிடந்த வேளை. பெரிய தீர்மானங்கள் எல்லாம் அவருக்கு வயிறு நிறைந்த பிறகுதான் வரும், அடுத்த பசியோடு போய்விடும். இந்தத் தீர்மானம் மட்டும் போகவில்லை. பசி வருவதற்குள் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதித் தொலைத்துவிட்டார்.

எல்லாம் மைத்துனன் ஜெரிசனால் வந்த வினை. அவன் நியூசிலாந்தில் இருக்கிறான். கிழமைக்கு ஒரு மலையில் ஏறி நின்று படம் போடுவான். படத்துக்குக் கீழே, தான் போட்டிருக்கும் மெரினோ என்ற செம்மறியின் கம்பளியைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைப்பான். குளிருக்குச் சூடாம். வெயிலுக்குக் குளிர்ச்சியாம். கிழமைக்கணக்கில் தோய்க்காமல் போட்டாலும் மணக்காதாம். றஜிதா அதை வாசித்துவிட்டு, "என்ரை தம்பி எப்பிடி நிக்கிறான் பாருங்கோ!" என்று கைத்தொலைபேசியைப் புருசனின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். மைத்துனனுடைய முழங்காலை ஒரு மனிதர் எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பது? "நானும் அடுத்த மாதம் ஹோட்டன் சமவெளிக்குப் போகிறேன். உலக முடிவு என்கிற மலைவிளிம்பு வரை நடை" என்று கனிசியஸ் எழுதிவிட்டார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மலைப்பாதை அவருக்கு ஆகாது. வளைவைக் கண்டால் குமட்டிச் சத்தி வரும். கடலும் ஆகாது. கொழும்புத்துறையில், தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த குடும்பத்தில் பிறந்து, வள்ளத்தில் கால் வைத்ததும் குடல் வாய்க்கு வருகிற ஒரே ஆண்பிள்ளை அவர்தான். அதனாலேயே யாழ்ப்பாணம் சந்தைப் பக்கம் வலையும் கயிறும் விற்கிற கடை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கடலுக்குப் போகிறவர்களுக்குக் கடலைப் பற்றிப் புத்தி சொல்லிப் பிழைத்துவந்தார்.

"இஞ்சாருங்கோ, எங்கடை மாதர் சங்கமும் உங்கைதான் போகுது. பஸ் பிடிச்சிருக்கினம். நானும் போகட்டோ?"

"நீயோ? அங்கத்தைய குளிர் தெரியுமோ உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

"கேள்விப்பட்டனான்."

"நான் போய்ப் பாத்துக்கொண்டு வந்து சொல்லுறன்."

"பகிடி விடாதை. உன்ரை உடம்புக்கு ஒத்துவராது. ரண்டு பேரும் வெளிக்கிட்டால் கோழியளை ஆர் பாக்கிறது?"

"ஓம்," என்றாள் றஜிதா. அதோடு குசினிக்குள் போய்விட்டாள். கலியாணம் கட்டிய ஆம்பிளை, பின்னால் ஒரு சொல்லும் வராத 'ஓம்'ஐக் கேட்டால் பயப்படவேண்டும். கனிசியஸ் பயப்படவில்லை. வென்றுவிட்டோம் என்று இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.

மூன்றாம் கிழமை, விடுமுறைக்கு வந்த ஒருவர் கையில் ஜெரிசனின் பார்சல் வந்தது. மேலே 'கனிசியஸ் குடும்பம்' என்று எழுதியிருந்தது. குடும்பத்தில் முதலில் இருப்பது தன் பெயர்தானே என்று கடையிலேயே அதை வெட்டிப் பிரித்தார். உள்ளே ஒரு கம்பளிச் சேட்டு. மெரினோ! பூனைக்குட்டியைத் தடவுவதுபோல மெதுமெதுவென்று இருந்தது. மைத்துனன் நல்லவன்தான், மனிதனை மதிக்கத் தெரிந்தவன் என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்தார். வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டே போனார்.

றஜிதா மேலும் கீழும் பார்த்தாள்.

"உது உங்களுக்கெண்டு சொன்னவனோ?"

"பின்னை ஆருக்கு? மலைக்குப் போறது ஆர்?"

றஜிதா வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். சேட்டின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"கத்தரிப்பூ நிறமெல்லோ?"

"வெளிநாட்டிலை ஆம்பிளையள் உந்த நிறந்தான்."

"வயித்திலை பிடிச்சுக்கொண்டு நிக்குது. நெஞ்சிலை தொளதொளவெண்டு கிடக்கு."

"அது மூச்சு வாங்க விட்ட இடம். மலையிலை மூச்சு வாங்குமெல்லோ? உதெல்லாம் யோசிச்சுத்தான் தைக்கிறாங்கள்."

"ஓமோம், நல்லா யோசிச்சுத்தான் தைச்சிருக்கிறாங்கள்," என்றாள் றஜிதா. "வடிவாக் கிடக்கு. கட்டாயம் போட்டுக்கொண்டு போங்கோ."

இப்போது போயே ஆகவேண்டும். கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் "மலை எப்ப?" என்று கேட்டான். கனிசியசுக்கு நித்திரையில் வளைவுகள் வந்தன. கடைசியில் கைகொடுத்தவன் லெனாட். கூடப் படித்த சினேகிதன். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் வைக்கிற குளிரறை ஒன்று நடத்துகிறான். அந்த அறையின் கதவைத் திறந்தால் புகைபோலப் பனி எழும்பும். மலையென்ன மலை? பனிக்கு நடுவில் ஒரு மனிதர் நின்றால் போதாதா?

வெள்ளிக்கிழமை காலை றஜிதா சோற்றுப் பார்சல் கட்டிக்கொடுத்தாள். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டாள். "அவசரப்பட்டு இறங்காதேங்கோ. ஆறுதலா ஞாயிறு பின்னேரம் வந்தால் காணும்," என்றாள். இப்படியொரு மனிசியை ஏமாற்றுகிறோமே என்று கனிசியசுக்கு நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. பஸ் நிலையத்தில் நுவரெலியா பஸ்சைத் தாண்டிப் போய் மயிலிட்டி பஸ்சில் ஏறும்போது இன்னும் கொஞ்சம் குத்தியது. ஏறி உட்கார்ந்த பிறகு வெயில்தான் குத்தியது. செம்மறி எந்த நாட்டு வெயிலை நினைத்து அந்தக் கம்பளியை வளர்த்ததோ தெரியாது, யாழ்ப்பாணத்து வெயிலை அது நினைத்திருக்கவில்லை. சுன்னாகம் வருவதற்குள் கனிசியஸ் அவித்த பனங்கிழங்காகிவிட்டார்.

"உதை ஏனடா வீட்டிலையிருந்தே போட்டுக்கொண்டு வந்தனீ?" என்றான் லெனாட்.

"மனிசி வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது மச்சான்."

"உது மணக்காது எண்டெல்லோ சொன்னனீ?"

"மணக்குதோ?"

"இஞ்சை மீன் மணத்திலை ஒண்டும் தெரியேல்லை. ஆனால் நான் சத்தியம் பண்ணமாட்டன்."

அன்றைக்கே படம் போட்டால் பிடிபடும், மலைக்குப் போக ஒரு நாள் வேண்டுமே! கனிசியஸ் அதையெல்லாம் யோசிக்காத ஆளில்லை. இரவு லெனாட் வீட்டில் தங்கினார். மறுநாள் காலை குளிரறைக்குள் போய், உடைந்த துடுப்புப் பிடியை மலைக்கோல்போல ஊன்றிக்கொண்டு, தூரத்தே எதையோ பார்ப்பதுபோல நின்றார். தூரத்தே மீன் பெட்டிகள் இருந்தன. லெனாட் கதவைத் திறந்தான். பனி பொங்கியது. படம் எடுத்தான். உண்மையைச் சொன்னால் படம் அருமையாக வந்திருந்தது. கனிசியசே ஒரு கணம் தான் மலைக்குப் போய்விட்டதாக நம்பினார்.

'உலக முடிவில் நிற்கிறேன். விளிம்பில். ஒரே பனி. கீழே ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டார்.

கைதட்டல்கள் வந்து குவிந்தன. கனடாவிலிருந்து ஒரு சித்தி இதயம் அனுப்பினாள். பிறகு றஜிதாவின் பெயர் வந்தது.

'விளிம்பில் எந்தப் பக்கம்?'

கனிசியஸ் யோசிக்காமல் எழுதினார்: 'வேலி கட்டியிருக்கிற பக்கம்.'

'நானும் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். உங்களைக் காணவில்லையே.'

அதோடு ஒரு படம். பனியாவது ஒன்றாவது! பளிச்சென்று வெயில். நீல வானம். மாதர் சங்கம் முழுதும் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. நடுவில் றஜிதா.

கனிசியஸ் தொலைபேசியை அணைக்கப் போனார். அந்த நேரம் பார்த்துக் குழுவுக்கே அவளுடைய வீடியோ அழைப்பு வந்தது. சிவப்பை அமத்துவதாக நினைத்துப் பச்சையை அமத்திவிட்டார்.

"தெரியுதோ? கதையுங்கோ. எங்கை நிக்கிறியள்?"

"இந்தா... இந்தப் பாறைக்குப் பின்னாலை."

"மச்சான், உந்தப் பெட்டியை எடுக்கவேணும், கொஞ்சம் தள்ளி நில்லு," என்று லெனாட் ஒன்றும் தெரியாமல் உள்ளே வந்து, ஒரு பெரிய மீனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரையைக் கடந்துபோனான்.

அங்கே மலையில் பெண்டுகள் எல்லாரும் திரைக்குள் தலையை நீட்டினார்கள்.

"அறக்குளாவெல்லோ அது?"

"விசர்க்கதை. வாலைப் பாருங்கோ. பாரை!"

"பாரைக்கு உந்த நீளம் வருமோ? அண்ணை, அவரை ஒருக்காத் திரும்பி வரச்சொல்லுங்கோ!"

மீன்பிடிக்கிற ஊரில் பெண் எடுத்தவனுக்கு இப்படித்தான் நடக்கும். பொய் பிடிபட்டதை ஒருத்தியும் கவனிக்கவில்லை. மீன் என்ன மீன் என்பதுதான் அவர்களுக்கு வழக்கு. சங்கத் தலைவி சுபாஜினிதான் கடைசியில், "அப்ப அண்ணை மலைக்கு வரேல்லையோ?" என்று கேட்டாள். அவளுக்கும் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கனிசியஸ் அப்போதுதான் றஜிதாவை ஒழுங்காகப் பார்த்தார். தலையில் துவாய். உடம்பில் அவருடைய கலியாணக் கோட்டு. கைகள் நீண்டு விரல்களை மூடியிருந்தன. காற்றில் பல் கிடுகிடுத்தது.

இடையில் ஜெரிசனும் அழைப்புக்குள் வந்துவிட்டான். "அக்கா, ஏன் கோட்டோடை நிக்கிறாய்? நான் அனுப்பின மெரினோவைப் போடேல்லையோ? நீ மலைக்குப் போகப்போறன் எண்டு சொன்னபடியாலெல்லோ தேடிப்பிடிச்சு வாங்கினனான்..." அவன் பேச்சை நிறுத்தினான். "அத்தான், நீங்கள் போட்டிருக்கிறது அதெல்லோ? அது லேடீஸ் சேட்டு!"

நிலம் வெடித்து விழுங்காதா என்றிருந்தது. காலடியில் இருந்ததோ சீமெந்து. கனிசியஸ் அழைப்பைத் துண்டித்தார். வெளியே வந்து, மற்றவர்கள் பார்க்காத ஒரு வள்ளத்துக்குப் பின்னால் குந்தினார்.

வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம். பொய் பிடிபட்டதுகூடப் பெரிதில்லை. பெண்டுகளின் சேட்டைப் போட்டு உலகத்துக்கே படம் காட்டியதும் பெரிதில்லை. அவள் உடம்புக்கு வாங்கிய சூட்டைப் பறித்துக்கொண்டுபோய் மீன் அறையில் நின்றிருக்கிறார். அவள் மலையில் நின்று நடுங்குகிறாள். ஒருநாள்கூட 'என்னுடையதைத் தாருங்கோ' என்று கேட்கவில்லை. லெனாட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். அவர் அதைத் தொடவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அவராகவே அழைத்தார். வீடியோ இல்லை, முகம் காட்டத் தைரியம் இல்லை. அந்தப் பக்கம் உறுமலும் இரைச்சலுமாகக் கேட்டது. மலைக்காற்று என்று நினைத்துக்கொண்டார்.

"றஜிதா, சேட்டு உன்ரையெண்டு முதலே தெரியுமோ?"

"பார்சல் வர முதலே தெரியும். தம்பி சொன்னவன்."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் சேட்டைத் தந்திருப்பியள். வெக்கப்பட்டுக்கொண்டு வீட்டிலை நிண்டிருப்பியள். நீங்கள் வீட்டிலை நிண்டால் நான் எப்பிடி வெளிக்கிடுறது? பக்கத்து வீட்டுப் பிரியந்தினியிட்டைக் கோழியளைப் பாக்கச் சொல்லிப்போட்டு, நீங்கள் போய் ஒரு மணித்தியாலத்திலை நான் வெளிக்கிட்டிட்டன்."

வெள்ளி, சனி, ஞாயிறு என்று கனிசியஸ் விரலில் எண்ணினார். அந்த மூன்று நாளையும் அவளுக்குக் கொடுத்தது அவரேதான்!

"நான் மலைக்குப் போகமாட்டன் எண்டும் தெரியுமோ?"

"கோயில் ஊஞ்சலிலை இருந்தாலே உங்களுக்குத் தலைசுத்தும். மலையோ?"

அவர் மூக்கை உறிஞ்சினார். இனி மறைக்க என்ன இருக்கிறது? மனதில் கிடந்ததை எல்லாம் சொல்லத் தொடங்கினார்.

"றஜிதா, உனக்குக் குளிர் ஒத்துவராது எண்டு சொன்னது பொய். நீ போய் ஏறிப்போட்டு வந்தால், நான் ஏலாதவன் எண்டு தெரிஞ்சுபோம் எண்ட பயம். அதுதான் மறிச்சனான். நான் செய்தது பிழை. பெரிய பிழை. எனக்கு உன்ரை முகத்திலை முழிக்க வெக்கமாக் கிடக்கு. இனி நீ எங்கை போகவேணும் எண்டாலும் போ. என்னட்டைக் கேக்கத் தேவையில்லை. கோழியளை நான் பாக்கிறன், சமைச்சும் வைக்கிறன். தாயாணை, இனி ஒருக்காலும் மறிக்கமாட்டன்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும். அவள் அழுகிறாளோ என்று கனிசியசுக்குக் கண் கலங்கியது.

"றஜிதா?"

"நிக்கிறனப்பா," என்றாள் அவள். "உந்தக் கடைசியாச் சொன்னதை இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்கோ. பஸ் இரைச்சலிலை பின்சீற்றிலை இருக்கிற ஆக்களுக்கு வடிவாக் கேக்கேல்லையாம்."