கரண்ட் பில்லும் குடும்பக் கர்த்தாவும்

கட்டின புருஷனைத் திருடன் என்று அரசாங்க ஆபீசில் போய்ச் சொல்லி, அதற்குக் கையெழுத்தும் போட்டு, அங்கேயே உட்கார்ந்து டீயும் குடித்துவிட்டு வந்த மனைவி இந்த அந்தமான் தீவுகளில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் ஆளாளுக்கு இந்தக் கதையை இழுத்து நீட்டிவிட்டார்கள். நான் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனதாக ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் கைவிலங்கு வரைக்கும் போய்விட்டார். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பிலோமினா. தூத்துக்குடியில் பத்திரம் எழுதுகிறவரின் மகள். கல்யாணமாகி பாம்பூஃப்ளாட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சேவியர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தமிழும் இந்தியும் ஒரே வாயில் சண்டையில்லாமல் குடியிருக்கும். எனக்கு அப்படி இல்லை. நான் பேசிய இந்தி, தமிழை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகத் தோலுரித்து இந்திச் சட்டை மாட்டி அனுப்பியதுதான். (காய்கறிக் கடைக்கு அது போதும். அதற்கு மேல் தாங்காது.)

அப்போது அவர் படகு எஞ்சின் பழுது பார்க்கும் யார்டில் தினக்கூலி மெக்கானிக். பல வருஷமாகத் தினக்கூலி. அவரை பெர்மனெண்ட் ஆக்குவதற்கான பேப்பர் ஒருவழியாக மேஜை மேஜையாக நகர ஆரம்பித்திருந்தது. "பிலோ, இந்த நேரத்துல நம்ம பேர்ல ஒரு சின்ன புகார் வந்தாக்கூட அவ்ளோதான், கதை முடிஞ்சுது" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த பெர்மனெண்டை நம்பித்தான் நாங்கள் குழந்தைக்குப் பெயர் வைத்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தள்ளிப் போட்டிருந்தோம்.

அந்த மழைக்காலத்தில் அவரை ஒரு எஞ்சின் வேலைக்காக லாங் ஐலண்டுக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தையோடு நான் தனியாக இருந்தேன். மெயின்லாண்டிலிருந்து கப்பல் தாமதம், காஸ் சிலிண்டர் வரவில்லை என்றார்கள். எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் நானும் செய்தேன், கரண்ட் அடுப்புக்கு மாறினேன். மாதம் முடிந்து பில் வந்தது. வாசலில் நின்று படித்துவிட்டு, பக்கத்து வீட்டு பில்லை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று பெயரைப் பார்த்தேன். எங்கள் பெயர்தான். அவருடைய பாதி மாதக் கூலி அந்தத் தாளுக்குள் இருந்தது. அவர் திரும்பி வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார், நாலு வாரம் ஒரு வீட்டை நடத்தத் தெரியாதவள் என்றுதானே நினைப்பார்?

நான் யோசித்தேன். (யோசித்ததுதான் தப்பு.) எங்கள் வீட்டை ஒட்டி அப்பாராவ் அண்ணனின் வெல்டிங் கடை இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் பொறி பறக்கவிட்டால் இந்தப் பக்கம் என் வீட்டு பல்பு மங்கும். அவர் நிறுத்தினால் பல்பு பிரகாசிக்கும். இதற்கு என்ன அர்த்தம்? என் வீட்டுக் கரண்ட் அவர் கடைக்குப் போகிறது. எனக்குச் சந்தேகமே இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று தனியாக நின்று தலையை வேறு ஆட்டிக்கொண்டேன். ஆனால் அப்பாராவ் அண்ணன் நல்ல மனுஷன், ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருகிறவர். பெயர் சொல்லாமல் புகார் கொடுப்போம், ஆபீஸ்காரர்களே வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். சேவியரைக் கேட்கலாம் என்றால் லாங் ஐலண்டுக்கு போன் கிடைக்கவில்லை.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஃபெரிப் படகில் ஏறி எதிர்க்கரைச் சாத்தாமில் இறங்கி, கரண்ட் ஆபீசைத் தேடிப் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெங்காலி அதிகாரி. பிஸ்வாஸ் பாபு என்றார்கள். அவர் முன்னால் போய் நின்று, ஜெபம் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஹமாரே கர் மே பிஜிலி சோரி ஹோதா ஹை."

எங்கள் வீட்டில் கரண்ட் திருட்டு நடக்கிறது. தமிழில் 'எங்க வீட்ல திருட்டு' என்றால் பறிகொடுத்தவள் நான் என்றுதானே அர்த்தம்? அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆப்கே கர் மே?" உங்கள் வீட்டிலா?

"ஹாம். ரோஜ்." ஆமாம், தினமும்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கௌன் கர்தா ஹை?"

இங்கேதான் என் அப்பா என்னைக் கவிழ்த்தார். 'கௌன் கர்தா ஹை' என்றால் 'யார் செய்கிறார்' என்று இந்தி தெரிந்த யாருக்கும் தெரியும். ஆனால் நான் பத்திரத்தைக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் வீட்டில் குடும்பத் தலைவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'குடும்பக் கர்த்தா' என்றுதான் சொல்வார்கள். ஆக, அவர் விண்ணப்பத்துக்காக வீட்டுக் கர்த்தா யார் என்று கேட்கிறார் என்று நினைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"மேரா ஆத்மி." என் புருஷன்.

"கப் சே கர்தா ஹை?"

எப்போதிலிருந்து கர்த்தாவாம்! இது என்ன கேள்வி என்று லேசாகச் சிரிப்பு வந்தது. "ஷாதி கே பாத் சே" என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து.

ஆள் இப்போது எங்கே என்றார். லாங் ஐலண்ட் போயிருக்கிறார் என்றேன். எங்கே வேலை என்றார். யார்டின் பெயரைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி என் முன்னால் வைத்தார். அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து நின்றார். "ஆப் பஹுத் ஹிம்மத்வாலி ஹை" என்றார். ரொம்ப தைரியசாலி நீங்கள். எனக்கு டீ வரவழைத்தார், குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தார். இந்த ஊரில் இவ்வளவு மரியாதையாக நடத்துகிற ஆபீசும் இருக்கிறதே என்று மனம் குளிர்ந்துபோய் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. பிஸ்வாஸ் பாபு, அவரோடு ஏணியும் கயிறுமாக இரண்டு லைன்மேன்கள். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டு, பாவம் அப்பாராவ் அண்ணன் என்று நினைத்தேன். அவர்கள் வெல்டிங் கடையைத் தாண்டி நேராக என் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கூரை மேல் ஏறினார். தெருவே கூடிவிட்டது.

"இங்க இல்ல, அங்க, அங்க" என்று தமிழிலேயே கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. சத்தம் கேட்டு அப்பாராவ் அண்ணன் கையுறையைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். பிஸ்வாஸ் பாபுவோடு இந்தியில் பேசினார். பேசப் பேச அவர் முகம் மாறியது. பிறகு என்னிடம் வந்து தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நீ சேவியர் மேல கேஸ் குடுத்தியா? கல்யாணத்துலருந்து அவன் கரண்ட் திருடறான், இப்போ லாங் ஐலண்ட் ஓடிட்டான்னு எழுதி வச்சிருக்காரு."

கரண்ட் திருட்டு என்றால் கேஸ். கேஸ் என்றால் யார்டுக்குப் போகும். யார்டுக்குப் போனால் அந்த பெர்மனெண்ட் பேப்பர் அங்கேயே செத்தது. ஐயோ மாதாவே, என் வாயாலேயே அவர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று திண்டாடி, அந்த மழை ஈரத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரைக் காட்டிக் கொடுக்கப் போனேனோ அதே அப்பாராவ் அண்ணன்தான் என் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்று அவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

மீட்டரில் குற்றமில்லை. கம்பியில் குற்றமில்லை. பிஸ்வாஸ் பாபு வீட்டுக்குள் வந்து பார்க்கவேண்டும் என்றார். படுக்கையறைக் கதவைத் திறந்ததும் அவர் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

அறை நடுவில் ரூம் ஹீட்டர் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, குழந்தையின் துணிகள் வரிசையாகத் தொங்கின.

இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். பட்டாளத்தில் இருக்கும் என் அண்ணன், பனி விழுகிற ஊரிலிருந்து கல்யாணப் பரிசாகக் கொண்டு வந்து கொடுத்தது அது. அந்தமானில் அதை வைத்து என்ன செய்வது என்று பரண்மேல் போட்டிருந்தோம். விடாத மழையில் குழந்தையின் துணி ஒன்றுகூடக் காயாதபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. இரவும் பகலும் ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது கரண்ட் தின்கிற சாமான் என்று என் புத்தியில் ஏறவே இல்லை. துணி காயப்போடும் கொடியாகவே அதை நினைத்திருந்தேன்.

"அண்டமான் மே ஹீட்டர்?" என்றார் பிஸ்வாஸ் பாபு. கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த லைன்மேன் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. பாபு சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பாராவ் அண்ணன், நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் அவருக்கு இந்தியில் சொன்னார், கர்த்தா சமாசாரம் உட்பட. பல்பு மங்கிய சமாசாரத்தை மட்டும் நான் சொல்லவில்லை. பாபு கடைசியில் சொன்னது இதுதான்: திருட்டு இல்லை என்று எழுதிவிடுகிறேன். ஆனால் கையெழுத்துப் போட்ட புகாரைக் கிழிக்க முடியாது, யார்டுக்கு நேற்றே தகவல் போய்விட்டது.

சேவியர் அடுத்த போட்டில் வந்துவிட்டார். சேதி அவர் போட் ஏறும் முன்னாலேயே லாங் ஐலண்ட் ஜெட்டிக்குப் போயிருந்தது. கத்துவார், அடுப்பைத் தூக்கி எறிவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பிலோ, நான் என்னத்தடி திருடுனேன்?"

அதைக் கேட்டதற்கு அவர் என்னை அடித்தே இருக்கலாம். ஓவென்று அழுதேன். "நான் உங்கள சொல்லலீங்க. வீட்டுக்குப் பெரியவரு யாருன்னு கேட்டாருன்னு நெனச்சிட்டேன். பெருமையா சொன்னேன்" என்றேன். அவர் பையை வைத்துவிட்டு, "அரே, அந்த ஹீட்டர மொதல்ல அமத்து" என்றார்.

யார்டில் இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய அதிகாரியின் மேஜையில் என் புகாரும் பாபுவின் அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சேவியர் சாமியாரிடம் பாவ சங்கீர்த்தனத்துக்கு நிற்பவர்போல நின்றார். அதிகாரி படித்து முடித்து, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நீளமாக ஒரு கேள்வி கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. மறுபடி ஏதாவது உளறி மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடக்கூடாது என்று, சுருக்கமாக "ஹாம்" என்றேன்.

சேவியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

அவர் கேட்டது என்னவென்று ஃபெரியில் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. 'உன் புருஷன் நிஜமாகவே திருடியிருந்தால், இப்படி வந்து சொல்லியிருப்பாயா?' என்பதே கேள்வி. என் பதில் உங்களுக்குத் தெரியும்.

யார்டில் ஸ்டோர் கீப்பர் இடம் காலியாக இருந்தது. டீசலும் பித்தளைச் சாமானும் கிடக்கிற இடம். யாரை நம்பிச் சாவி கொடுப்பது என்று அந்த அதிகாரி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். "இப்பிடி ஒரு பொண்டாட்டி வீட்ல இருக்கறவன் ஒரு நட்டுகூட எடுத்துட்டுப் போக மாட்டான்னு சொல்லிட்டாரு பிலோ" என்றார் சேவியர். "பெர்மனெண்ட் பேப்பர்ல நாளைக்கே கையெழுத்து. ஸ்டோர் சாவியும் எனக்குத்தான்."

கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் சாய்ந்து கேட்டார். "நெஜமாவே போய் சொல்லிருப்பியா?"

"வெளிய சொல்லிருக்க மாட்டேன். ஆனா ஆயுசுக்கும் ஒங்களுக்கு உப்பில்லாத சோறுதான்."

"இத யார்டுல சொல்லித் தொலைக்காத" என்றார்.

இன்றைக்கும் அவர் யார்டிலிருந்து கை துடைத்த பஞ்சைக்கூட வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. கிறிஸ்மஸுக்குப் பலகாரம் சாப்பிட வருகிற கூட்டாளிகள், என் முகத்தைப் பார்த்ததும் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்கிறார்கள். போன வாரம் மூத்தவள், நான் மீன்காரரிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "அய்யோ அம்மா, அப்பிடி இல்ல" என்று திருத்த வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த சேவியர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏய், அம்மாவோட இந்தில யாரும் கைய வைக்கக் கூடாது. அதுல ஒரு வார்த்த சரியா இருந்திருந்தா, ஒங்கப்பன் இன்னைக்கும் தினக்கூலிதான்."