தலைக்கட்டுக்கு ஒரு காப்பு

பூமிநாதனுக்கு ஊரில் இரண்டு பதவி. காளியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், கால்பந்துக் கழகத் தலைவர். வீட்டில் மட்டும் பதவி எதுவும் காலியாக இல்லை. எல்லாவற்றையும் அவர் மனைவி சேதுலட்சுமியே பார்த்துக்கொண்டாள்.

திருப்புல்லாணிப் பக்கம், கருவேலங்காட்டைத் தாண்டினால் அந்த ஊர். வற்றிய கண்மாய்தான் மைதானம். வருடாவருடம் மிளகாய் எடுத்து முடிந்ததும் பதினோரு பேர் ஆடும் கால்பந்துப் போட்டி அங்கே நடக்கும். ஒரு காலத்தில் கரையில் நிற்க இடம் இருக்காது. பிறகு கடற்கரை ஊரில் சீனி முகம்மது எழுவர் கால்பந்தைத் தொடங்கினார். சின்ன மைதானம், பக்கத்துக்கு ஏழே பேர், பகல் மாதிரி விளக்கு, உட்காரக் கேலரி, கண்ணை மூடித் திறந்தால் ஒரு கோல். சனம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. போன வருடம் பூமிநாதனின் இறுதிப் போட்டிக்குக் கடைசிவரை இருந்தவை வெள்ளாடுகள்தான். அவையும் ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

இந்த வருடம் இரண்டு இறுதிப் போட்டியும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உள்ளூர் கேபிள் டிவிக்காரன் சஃபீரிடம் இருப்பதோ ஒரே கேமரா.

"எங்கன கூட்டமோ அங்கன கேமராண்ணே" என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான்.

கோப்பை கொடுக்கும்போது டிவியில் ஒரு தடவையாவது தெரிந்துவிட வேண்டும் என்பது பூமிநாதனின் ஆசை. அதற்காகப் பளபளவென்று ஒரு சட்டையும் எடுத்து வைத்திருந்தார். சேதுலட்சுமிக்கும் ஓர் ஆசை இருந்தது. எழுவர் ஆட்டத்தை அந்தக் கேலரியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் வீட்டில் தடை.

"தலைவர் பொண்டாட்டியே எதிர் மைதானத்துல போயி உக்காந்தா என் மானம் என்னாகும் சேது?"

"உங்க ஆட்டத்துல பந்து நம்ம பக்கம் வாரதுக்குள்ள கையில இருக்க கடலை தீந்துபோகுதுங்க."

"அது பதினோரு பேரு ஆட்டம்டி. உலகக் கோப்பையே அப்படித்தான் நடக்குது."

"அங்கயும் நான் வாரேன்னு சொல்லலையே."

பூமிநாதன் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் முகம் மலர வந்து மனைவி எதிரில் உட்கார்ந்தார். சேதுலட்சுமி குண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கோயில் திருவிழாவ அடுத்த வாரம் வைக்க நெனச்சிருந்தோம்ல? அத முன்னுக்குத் தள்ளிட்டேன். வார செவ்வாக்கெழமையே காப்புக் கட்டு!"

சேதுலட்சுமிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கையில் காப்புக் கட்டியவர் சாமி கும்பிட்டு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆத்தா சும்மா விடமாட்டாள். அதற்குப் பயப்படாத ஆள் அந்த ஊரில் கிடையாது.

"ஞாயித்துக்கெழம ஒரு பய சீனி முகம்மது பக்கம் போக முடியாது. கண்மாய விட்டா வேற போக்கிடம்?" என்று தொடையைத் தட்டினார் பூமிநாதன்.

"நல்ல ரோசனைதான். யார் யாருக்குக் கட்டப் போறீங்க?"

"ஊருக்கே. நண்டு சிண்டு பொம்பளைக மொதக்கொண்டு."

சேதுலட்சுமி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "கோயில் வரி எப்படி வாங்குறீங்க?"

"தலைக்கட்டுக்கு."

"கெடாக்கறிப் பங்கு?"

"அதுவும் தலைக்கட்டுக்குத்தான்."

அந்த ஊர் வழக்கப்படி மீசை முளைத்த ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. பெண்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

"காப்ப மட்டும் எங்களுக்கும் கட்டுனா, நாளைக்கு வரியும் வாங்கிக்கங்க, பங்கும் குடுங்க, கமிட்டியிலயும் சேத்துக்கங்கன்னு பொம்பளைக வந்து நிப்பாளுக. எனக்கென்ன, பாத்துச் செய்ங்க."

பூமிநாதனுக்குப் பகீரென்றது. கமிட்டியில் பெண்கள் உட்கார்ந்தால் முதல் ஆளாக யார் உட்காருவாள் என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பதவி போனது போதாதென்று கோயில் பதவியுமா?

"முறைன்னா முறைதான். தலைக்கட்டுக்கு மட்டும் கட்டுவோம். ஆம்பளைக நகரலைன்னா பொம்பளைக எங்க போயிருவாளுக?" என்றார்.

"அதான" என்றாள் சேதுலட்சுமி.

செவ்வாய்க்கிழமை மேளதாளத்தோடு எல்லா ஆண்கள் கையிலும் மஞ்சள் காப்பு ஏறியது. முதல் காப்பு பூமிநாதனுக்கு.

ஞாயிறு மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றார். வாசலில் இரண்டு குட்டியானை லோடு வண்டிகள். சீனி முகம்மது அனுப்பியவை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தலை நிறையப் பூவோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் சேதுலட்சுமி.

"எங்கடி கெளம்பிட்ட?"

"ஆட்டம் பாக்கங்க. கேலரியில எங்களுக்குன்னு தனியா எடம் போட்டிருக்காகளாம்."

"ஊருல காப்புக் கட்டிருக்கு!"

"உங்க கையிலல்ல கட்டிருக்கு. நாங்க எந்தத் தலைக்கட்டு? கணக்குலயே இல்லாதவ எல்லையத் தாண்டுனா ஆத்தாளுக்கு எப்படிங்க தெரியும்?"

பூமிநாதனுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் காப்புக் கட்டியவர் கடுஞ்சொல் பேசக் கூடாது. வண்டிகளின் பின்னாலேயே எல்லைக்கல்வரை ஓடினார். கல் வந்தது, கால் நின்றது. வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

போனால் போகட்டும் என்று கண்மாய்க்குத் திரும்பினார். கரை நிறைய ஆண்கள். இத்தனை கூட்டத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டம் தொடங்கியது. காப்புக் கட்டியவர்கள் செருப்புப் போடக் கூடாது என்பதால் உள்ளூர் அணி வெறுங்காலோடு இறங்கியிருந்தது. எதிர்த்து ஆட வந்த உப்பூர் அணியின் பூட்ஸைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. கேமராவை மட்டும் காணோம். சஃபீருக்குப் போன் போட்டார்.

"எலே, இங்கன கூட்டம் அலைமோதுது. எங்கடா இருக்க?"

"கடற்கரையிலண்ணே. உங்க ஊரு பொம்பளைக வந்து கேலரி நெறஞ்சுபோச்சு. என்னா விசிலு! நேரலை ஓடிக்கிட்டிருக்கு, டிவியப் போடுங்க."

பக்கத்தில் நின்ற மருதுபாண்டியின் காதில் இது விழுந்துவிட்டது. அவன் சும்மா இருக்கவில்லை. "ஏலே, நம்ம வீட்டுப் பொம்பளைக டிவியில வாராகளாம்!" என்று கத்தினான்.

கரை காலியானது. இடைவேளைக்குப் போன உள்ளூர் அணியும் திரும்பவில்லை. உப்பூர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பூமிநாதன் அவர்கள் கையில் கோப்பையைத் திணித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஊரிலேயே பெரிய டிவி அவருடையது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காப்புக் கட்டிய கைகள் வாசல்வரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. திரையில் சேதுலட்சுமி. சிறப்பு விருந்தினராம். கோப்பையைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மைக்கை நீட்டினான் சஃபீர்.

"எல்லாத்துக்கும் எங்க வீட்டுக்காரருதான் காரணம். அவரு மட்டும் ஆம்பளைகள ஊருக்குள்ள கட்டிப் போடலன்னா, நாங்க எங்கிட்டு வர?"

"அடுத்த வருசமும் வருவீங்களாக்கா?"

"அவரு காப்புக் கட்டுனா வாரோம்."

பூமிநாதன் டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினார். அது மருதுபாண்டி கையில் இருந்தது.

"கொஞ்சம் உக்காருங்கண்ணே" என்றான் அவன். "தலை மறைக்குது."