அஸ்திக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுக்கவில்லை, அவ்வளவுதான். வளைகுடாவில், முசஃபா லேபர் கேம்ப்பில் ரூம்காரர்களுக்கு பேங்க் ஃபாரம் நிரப்பிக் கொடுத்ததில் வந்த பெயர் அது. (பெயரும் பாஸ்போர்ட் நம்பரும்தான் கேட்டிருந்தார்கள். அதற்குமேல் கேட்டிருந்தால் அன்றே வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும்.)

2004 கோடையில் சைட் ஆபீஸில், ஆட்களின் வருகை நேரம் குறிக்கும் டைம்கீப்பர் வேலை காலியானது. வெயிலில் கம்பி கட்டிக்கொண்டிருந்த எனக்கு ஏசியும் நாற்காலியும் கனவில் வந்தன. ஃபோர்மேன் முருகேசண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிடியோடு ரூமுக்குள் வந்தார்.

"கடைக்கார காசிம் பாய் குடுத்தாரு. பாஸ்க்குன்னு ஐரோப்பாவுல ஒரு மலைநாட்டு சனமாம். பொழைக்க அமெரிக்கா போற கௌபாய் படம். நீ தமிழ்ல சொல்லிக்கிட்டே வா. சரியாச் சொன்னா நாளைக்கே மேனேஜர்ட்ட பேசுறேன்."

படம் ஓடியது. கூண்டு வண்டிகள், குதிரைகள், தூசி. துப்பாக்கிச் சண்டை வந்தபோதெல்லாம் மூச்சு விட்டேன். யாராவது வாயைத் திறந்தால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஒரு கிழவி, சாக்கில் சுற்றிய மூட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். ரூமிலிருந்த பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவ புருசனோட அஸ்தி" என்றேன். "அமெரிக்கா ஆத்துல கரைக்கப் போறாங்க."

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். முருகேசண்ணன் மட்டும் கண்ணைச் சுருக்கினார். அடுத்து பாலைவனம். குடிக்கத் தண்ணீர் இல்லை. இருந்த ஒரு குவளையையும் கிழவி மூட்டையில் ஊற்றினாள். எனக்கு அவளைக் கொல்ல வேண்டும் போலிருந்தது.

"அஸ்திக்கு எதுக்குடா தண்ணி?"

"தாத்தா தாகத்தோட செத்தாருண்ணே."

"ஈரச்சாக்கு?"

"சூட்டு உடம்புண்ணே."

அவர் டிவிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். டைம்கீப்பர் நாற்காலியின் ஒரு கால் ஆடுவது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் ஒரு மலைச்சரிவில் மூட்டையைப் பிரித்தார்கள். உள்ளே திராட்சைக் கொடியின் குச்சிகள். குழி தோண்டி நட்டார்கள். அடுத்த காட்சியில் இலை விட்டிருந்தது.

முருகேசண்ணன் எழுந்து வெளியே போனார். சொந்த ஊரான அறந்தாங்கியிலிருந்து முன்பு ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்து, ஏசித் தண்ணீர் ஊற்றி, பெயிண்ட் வாளியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். அந்தப் படத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கும்பிட்டுக்கடா. எங்க தாத்தா."

ரூமே உருண்டு புரண்டு சிரித்தது. நான் செத்தே போனேன்.

"நாளையிலேர்ந்து டூட்டி முடிஞ்சதும் தாத்தாவுக்கு நீதான் தண்ணி ஊத்துற. கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

டைம்கீப்பர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. நான் கம்பி கட்டினேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊர் திரும்பியபோது அதிலிருந்து ஒரு கன்றை ஈரத்துணியில் சுற்றி அண்ணனே என் பையில் வைத்தார். இன்று அது எங்கள் கொல்லையில் ஆளுயரம் நிற்கிறது. ரசம் தாளிக்கும்போது என் மனைவி உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, தாத்தாகிட்ட ரெண்டு கொத்து பறிச்சுட்டு வாங்க!"