தாய்மாமன் தலையில் விளக்கெண்ணெய்

நாற்பத்தொன்பதாவது வயதில் நான் ஒரு கல்லூரிப் பெண்ணின் தலைமுடிப் பராமரிப்பு வீடியோவை மூன்று முறை பார்த்து, டைரியில் குறிப்பெடுத்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. (பேனாவால்தான். ஓர் இடத்தில் அடிக்கோடுகூட உண்டு.) வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், பழந்தமிழர் கூந்தலுக்கு என்னென்ன பூசினார்கள் என்று கேட்காதவர்களுக்கும் எடுத்துச் சொல்பவன், தன் தலைக்கு எண்ணெய் தேய்க்கத் தெரியாமல் அக்கா மகள் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தான் என்பது என் குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. இதில் எனக்குச் சொல்ல ஒரே ஒரு திருத்தம்தான் இருக்கிறது. கல்யாணத்தை இல்லை, அதற்கு முந்தின நாள் ரிசப்ஷனை.

ஆண்பிள்ளை கழுத்துவரை முடி வளர்த்தால் எங்கள் பக்கத்தில் மூன்று காரணம் சொல்வார்கள்: காதல் தோல்வி, கலை, காவி. என்னுடையது மஞ்சள் காமாலை. நான் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தபோது, என் மனைவி செண்பகம் திருச்செந்தூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "இவுக எந்திரிச்சுட்டா முடி வளத்து மொட்டை போடச் சொல்லுதேன்" என்று வேண்டிக்கொண்டாள். (தலைக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.) எழுந்துவிட்டேன். முடியும் வளர்ந்தது. மொட்டை போடப் போகலாம் என்று கிளம்பிய நேரத்தில் கோமுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோமு என் அக்கா மகள். நான் அவளுக்கு ஒரே தாய்மாமன்.

"மேடையில மொட்டைத் தலையோட தாய்மாமன் நின்னா பாக்க நல்லாவா இருக்கும்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் போ" என்றாள் அக்கா.

"அதுவரைக்கும் கத்திரி படப்பிடாது" என்றாள் செண்பகம்.

இப்படியாக, மழிக்கவும் கூடாது வெட்டவும் கூடாது என்ற இரண்டு ஆணைகளுக்கு நடுவில் பதினான்கு மாதம் வளர்ந்தது என் முடி. அது அப்பா வழிச் சுருட்டை முடி. குட்டையாக இருந்தவரை ஒழுக்கமாக இருந்தது, நீளமானதும் தான்தோன்றியாகிவிட்டது. காலையில் சீப்பை உள்ளே விட்டால் பல் இரண்டை இழந்துவிட்டுத்தான் வெளியே வரும். அந்தச் சமயத்தில்தான் மேற்படி வீடியோ கண்ணில் பட்டது.

அந்தப் பெண் சொன்னது ரொம்ப எளிது. தலைக்குக் குளிக்கும் முன்னால் லேசான எண்ணெய் சிறிதளவு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, முடியின் நுனியிலிருந்து தடவ வேண்டும். விரலாலேயே சிக்கைப் பிரிக்க வேண்டும். அரைமணி நேரம் கழித்து ஷாம்பு போட்டு அலச வேண்டும். முடி பட்டாக இருக்கும், சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். என் டைரியில் "எண்ணெய்" என்ற சொல்லின் கீழே அடிக்கோடு இருந்தது. "சிறிதளவு" என்பதை நான் எழுதவே இல்லை. எண்ணெய் தேய்ப்பதில் சிறிதளவு என்று ஒன்று உண்டு என்பதை ஏற்க எந்தத் தென்காசிக்காரனுக்கும் மனம் வராது. காதுக்குப் பின்னால் வழிந்தால்தான் எங்களுக்கு அது எண்ணெய்.

ரிசப்ஷன் அன்று காலையிலேயே செண்பகம் மேலகரத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டாள். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் நானும் என் முடியும் தனியாக இருந்தோம். மேடையில் பட்டு முடியோடு நின்று எல்லாரையும் அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. தேங்காய் எண்ணெயை எடுத்தேன்; தண்ணீர் மாதிரி இருந்தது. என் சிக்கோ கெட்டியான சிக்கு. கெட்டியான சிக்குக்குக் கெட்டியான எண்ணெய் என்று ஒரு தத்துவத்தை அந்த இடத்திலேயே நிறுவி, விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தேன். முழுப் பாட்டிலும் போனது. தடவினேன் என்று சொல்ல முடியாது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் முதுகில் செய்வார்களே, அந்த மாதிரி இரண்டு கையாலும் முடியை உச்சந்தலையில் குவித்து, வட்டம் வட்டமாகப் பிசைந்தேன்.

அடுத்தது ஷாம்பு. இங்கேதான் என் பிறந்த மண் என்னைக் கவிழ்த்தது. அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட எண்ணெயும் தன்னால் போய்விடும் என்பது எங்கள் ஊரில் பிறந்த ஒவ்வொருவனும் பாலோடு குடித்த நம்பிக்கை. ஆவணி மாதம், சாரல் விழுந்துகொண்டிருக்கிறது, பைக்கில் பத்து நிமிடத்தில் ஐந்தருவி. இதற்குப் பிறகும் குளியலறையில் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பவன் தென்காசிக்காரனா?

ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் இப்போது அனுமதி கிடையாது. பெரிதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். வெளியூர் நண்பர்களுக்கு அந்தப் பலகையைக் காட்டி, இது ஏன் அவசியம் என்று கால்மணி நேரம் பேசுகிறவன் நான். அன்றைக்குத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பலகையைப் பார்க்காமல் நடந்தேன். காவலுக்கு நின்றவர் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, தலையில என்ன கட்டு?"

"ஜலதோஷம் சார்."

"ஜலதோஷத்தோடயா அருவியில குளிக்க வந்திய?"

"வைத்தியர் சொன்னாரு."

"எந்த வைத்தியரு?" என்று அவர் கேட்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் என்னை அருவிக்குள் தள்ளிவிட்டது. கூட்டத்துக்கு அன்று நன்றி சொன்னேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஐந்தருவித் தண்ணீர் என் உச்சந்தலையில் குத்தியது, சுழற்றியது, உருட்டியது. பேரானந்தம். கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். வெளியே வந்து, பட்டாக மாறியிருக்கும் முடியைத் தடவிப் பார்க்கக் கையை உயர்த்தினால், எதிர்பார்த்த உயரத்துக்கு முன்பே கை எதிலோ இடித்தது. என் தலைக்கு மேல் இன்னொரு தலை இருந்தது. உரித்த தேங்காயளவு, ஏறத்தாழ அதே உறுதி. தட்டிப் பார்த்தேன், 'டொக்' என்றது. (மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.) படியேறும்போது காவலர் என்னை நின்று நிதானமாகப் பார்த்தார்.

"ஜலதோஷம் தலையில கட்டி தட்டிருச்சு போலயே அண்ணாச்சி" என்றார்.

வீட்டுக்கு வந்து சோப்பு போட்டேன், இன்னும் இறுகியது. இருப்பதிலேயே பெரிய சீப்பை எடுத்து நடுவில் குத்தி இழுத்தேன். சீப்பு உள்ளே போனது. திரும்பவில்லை. கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மணி நான்கரை. ஐந்தரைக்கு மாப்பிள்ளை அழைப்பு. தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. பட்டு வேட்டி கட்டி, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு மண்டபத்தின் பின்வாசல் வழியாக நுழைந்தேன். துண்டுக்குள்ளிருந்து சீப்பின் கைப்பிடி கொம்பு மாதிரி முட்டிக்கொண்டிருந்தது.

மணமகள் அறையில் அக்கா துண்டை உருவினாள். 

"ஏலே, என்ன எழவுலே இது?"

சொன்னேன். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு, பூக்கட்ட வைத்திருந்த கத்திரியை எடுத்தாள். செண்பகம் குறுக்கே வந்து நின்றாள்.

"மதினி, கத்திரிய கீழ வைங்க. இது சாமி முடி."

"சாமி இதப் பாத்தா வேண்டாம்னு ஓடிருவாரு. நகரு."

"பட்டுச்சுன்னா திரும்பக் காமாலை வரும். வந்தா நீங்க வந்து கீழாநெல்லி அரைப்பியளா?"

இரண்டு பெண்களும் என் தலைக்கு மேலே உரிமைப்போர் நடத்திக்கொண்டிருந்தபோது, கோமுவுக்குச் சடை அலங்காரம் செய்துகொண்டிருந்த ஷீபா திரும்பிப் பார்த்தாள். செங்கோட்டையிலிருந்து வந்திருந்த மேக்கப் கலைஞர். பேச்சில் மலையாள வாடை அடிக்கும்.

"என்டம்மோ! சாரே, என்ன தேச்சிய?"

"விளக்கெண்ணெய்."

"எத்தன சொட்டு?"

"ஒரு பாட்டில்."

"எதுல கழுவினிய?"

"ஐந்தருவியில."

"ஷாம்பூ?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் கட்டியை அழுத்திப் பார்த்து, வைத்தியர் போலத் தலையாட்டினாள். "இது பசை மாதிரி சாரே. பச்சத் தண்ணியில அடிச்சு அடிச்சுக் கம்பளி ஆயிருச்சு. வெட்ட வேண்டாம். எண்ணெயில வந்தது எண்ணெயிலதான் போவும். தேங்காண்ண சூடாக்கிக் கொண்டு வாங்க. நுனியில இருந்து இழை இழையாப் பிரிக்கணும்."

(கவனிக்கவும்: அந்தக் கல்லூரிப் பெண் சொன்னதும் இதுதான்.)

சமையல்கட்டில் அவியலுக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய் ஒரு சொம்பு வந்தது, கறிவேப்பிலையோடு. பிளாஸ்டிக் ஸ்டூலில் என்னை உட்கார வைத்து, கழுத்தில் படுக்கை விரிப்பைச் சுற்றினார்கள். அக்கா இடப்பக்கம், செண்பகம் வலப்பக்கம், ஷீபா பின்பக்கம், ஆளுக்கொரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிச் சடையில் மல்லிகையும் பாதியில் ஊசியுமாகக் கோமுவும் எழுந்து வந்தாள்.

"மாமா, மேக்கப் எனக்கு. உங்களுக்கும் சேத்தா புக் பண்ணிருக்கு?" என்றபடி முன்பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அழைப்பை ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை வைத்து ஒப்பேற்றினார்கள். ஆறு மணிக்கு மாப்பிள்ளை மேடையேறினார். ஆறரைக்கும் தனியாக நின்றார். இழை இழையாக என் தலையிலிருந்து முடி விடுதலையாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழைக்கும் நான் ஒரு 'ஆ' வரி செலுத்தினேன். ஒருமுறை வெளியே போய் எட்டிப் பார்த்துவந்த அக்கா, கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மாப்ள வீட்டுப் பொம்பளைக ஒரு மாதிரி பேசுதாக. பொண்ணுக்கு இஷ்டமில்லயாம், கதவச் சாத்திக்கிட்டு உள்ள அழுதாளாம். அழுத சத்தத்த ஒருத்தி கேட்டாளாம்."

அந்த அழுகை என்னுடையது. யாரும் சிரிக்கவில்லை. கோமுவின் கை என் முடியில் அப்படியே நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்தை நிறுத்த இவ்வளவு பேச்சு தாராளமாகப் போதும்.

அப்போது கதவு தட்டப்பட்டது. "சம்மந்தியம்மா, கதவத் தொறங்க." மாப்பிள்ளையின் அப்பா. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அவர் கதவைத் தட்டினால், நம் வீட்டுக் கதவாக இருந்தாலும் நாம்தான் தப்பு செய்தவர்கள் போல இருக்கும்.

நான் பாத்ரூமுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். முடியவில்லை, செண்பகத்தின் மோதிரம் என் முடியில் மாட்டியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். என்னைக் காட்டினால் மானம் போகும். காட்டாவிட்டால் மகள் கல்யாணம் போகும். அவள் முடிவெடுப்பதற்குள் கோமு போய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

அவர் உள்ளே பார்த்தார். ஸ்டூலில் நான். தாடையிலிருந்து சொட்டும் எண்ணெய். காதோரம் ஒரு கறிவேப்பிலை. உச்சியில் சீப்பு. சம்பவ இடத்தை ஆய்வு செய்து பழகிய கண் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தது.

"இது யாரு?"

"எங்க தாய்மாமா" என்றாள் கோமு.

"என்ன கேஸு?"

"சிக்கு, மாமா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வராந்தாவில் கூடியிருந்த பெண்கள் பக்கம் திரும்பி, அணிவகுப்பில் பேசும் குரலில் சொன்னார்: "பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் பொண்ணோட மாமனுக்குத்தான். போய்ச் சாப்பிடுங்க." வராந்தா முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து வாசலுக்கு வெளியே போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "எம்மா மேக்கப்பு, முதல்ல மருமவளுக்கு முடி. இவரு எங்கயும் போவ மாட்டாரு."

ஏழு மணிக்குக் கோமு மேடையேறினாள். ஏழேமுக்காலுக்கு என் தலையிலிருந்து சீப்பு வெளிவந்தது. ஷீபா அதை உயர்த்திக் காட்டியபோது கைதட்டல்கூடக் கேட்டது. எட்டு மணிக்கு நான் மேடையில் நின்றேன். முடி உண்மையிலேயே பட்டாகத்தான் இருந்தது. ஆனால் அவியல் வாசம் வீசும் பட்டு. ஆல்பத்தில் நான் இருக்கும் படங்களில் எல்லாம் இடது ஓரத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். விளக்கு என்று நினைப்பார்கள். நான்தான்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. இன்றைக்கும் கோமு எங்காவது கிளம்பத் தாமதமானால், அவள் கணவர் மணியைப் பார்த்துவிட்டு, "உள்ள உங்க மாமா இருக்காரா?" என்று கேட்கிறாராம். அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு என் பெயர் தெரியாது. 'சீப்புத் தாத்தா' என்றால் தெரியும்.

மறுவீடு முடிந்த வாரமே திருச்செந்தூர் போனோம். மழித்துவிட்ட பெரியவரிடம், கத்திரி படாமல் இந்த முடியைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாட்டை ஒன்றுவிடாமல் சொன்னேன். செண்பகமும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் என் தலையைக் குனியவைத்து, கடைசிக் கீற்றையும் வழித்து முடித்துவிட்டு, கத்தியைத் துடைத்தபடி சொன்னார்:

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாடு? அந்தக் கட்டிய அன்னைக்கே வெட்டி ஒரு மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருந்து, இன்னைக்கு இதோட சேத்துச் சாமிக்குப் போட்டிருக்கலாம்லா. எல்லாரும் அப்படித்தான செய்யுதாக."